தலைவரைத் தேர்தல்

தனி ஒருவரால் இயலாத செயலைப் பலர் கூடி இயற்றுவது மக்கட்குரிய சிறந்த இயல்பாகும். ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர் வாருதல் முதலாக நாட்டை ஆளுதல் ஈறாக உள்ள செயல்கள் பலவும் இவ்வியல்பினால் விளைந்தவையே. ஆயினும், கூடினோர் அனைவரும் ஒரே வேளையில் பேசுதலும் ஒரே பேழையில் கையிட்டுப் பொருளைச் செலவிடுதலும் இயலா. ஆதலின், கூட்டத்தார் தம்முள் சிலரைத் தேர்ந்து, தம் உரிமையையும் பொருளையும் அவர்பால் ஒப்படைக்கின்றனர். ஒப்படைத்தல் எளிது. ஒப்படைத்ததனை உரிய காலத்தில் குறைவின்றித் திரும்பப் பெறுதலே அரிது. தேர்தல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் வெற்றியும் தோல்வியும், மாலையும் ஊர்வலமும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், ஒப்படைத்த உரிமை மீண்டும் கூட்டத்தார் கைக்கு வந்து சேர்வதற்கு வகுத்த வழியிலேதான் தேர்தலின் உயிர் உள்ளது. இவ்வுண்மையைச் சிறு கழகம் ஒன்றின் வாயிலாகவும், நம் நாட்டுப் பழங்கல்வெட்டுகளின் வாயிலாகவும் ஆராய்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்குத் தெற்கே வல்லக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அருணகிரிநாதரால் பாடப்பெற்ற முருகன் திருக்கோயிலால் பெயர் பெற்றது அவ்வூர். அதனைச் சூழ்ந்த பகுதி நெடுங்காலம் ஏரிநீரால் நெல் விளைத்த வேளாண் நிலமாகும். இன்றோ, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கார்களும் டயர்களும் மின்னணுக் கருவிகளும் செய்யும் ஆலைகள் நிறைந்துள்ளன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் பலர் வந்து குடியேறியுள்ளனர். அவர்தம் மக்களும் உள்ளூர் உழவர்தம் மக்களும் அருகருகே அமர்ந்து கற்கின்றனர்.

அப்பகுதிப் பள்ளிகளில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடிக் கழகம் ஒன்று அமைப்பதாகக் கொள்வோம். ஒரு பள்ளியிலுள்ள நுண்ணோக்கியை மற்றொரு பள்ளிக்கும் பயன்படச் செய்தல், மாணவரை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திற்கு அழைத்துச் செல்லுதல், ஆலைகளுக்கிடையே எஞ்சியுள்ள ஏரிகளின் செடிகொடிகளையும் பறவைகளையும் மாணவரைக் கொண்டு கணக்கெடுத்தல், உயிரியலில் நாள்தோறும் வளரும் புதிய உண்மைகளை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தல் முதலியன அக்கழகத்தின் நோக்கங்களாகும். இவற்றிற்குச் சந்தா வேண்டும். சந்தாப் பணத்தைக் காக்கப் பொருளாளர் வேண்டும். கூட்டங்களைக் கூட்டச் செயலாளர் வேண்டும். அனைவரையும் ஒரு நெறியில் செலுத்தத் தலைவர் வேண்டும். இவர்களை எங்ஙனம் தேர்வது?

முதற்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்மிடையே ஐயா அவர்கள் இருக்கும்போது தேர்தல் எதற்கு? அவரையே தலைவராகவும் பொருளாளராகவும் வைத்துக்கொள்வோம்" என்கின்றார். அனைவரும் கைதட்டி ஏற்கின்றனர். ஐயா அவர்களும் உண்மையிலேயே நல்லவர், கற்றவர், தம் கைப்பொருளைச் செலவிட்டும் பிறர்க்கு உதவும் பண்பினர். அடுத்த ஆண்டும் அவரே. அதற்கடுத்த ஆண்டும் அவரே. வரவு செலவைக் கேட்பது அப்பெரியவரை ஐயுறுவது ஆகுமோ என்று நாணி, எவரும் கணக்குக் கேட்டாரில்லை. எவரும் கேளாமையால் அவரும் எழுதுவதில் சோர்ந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கொடுத்த சந்தாவிற்குச் சீட்டு எழுதவில்லை. சுற்றுலாவிற்குத் தம் கையிலிருந்து கொடுத்த தொகையையும் குறித்து வைக்கவில்லை. ஆண்டுகள் பத்துக் கழிந்தன. அவர் ஓய்வு பெற்றபோது, புதிதாக வந்த பொருளாளர் கையில் கிடைத்தது பொருள் விளங்காத எண்கள் நிறைந்த ஒரு குறிப்பேடு மட்டுமே. "பணம் எங்கே?" என்று சிலர் முணுமுணுத்தனர். அவர் ஒரு காசும் எடுத்தவரல்லர். எனினும், எடுக்கவில்லை என்று காட்டுவதற்கு அவரிடம் சான்று இல்லை. நாற்பதாண்டு நற்பெயர் ஒரே மாலைப்பொழுதில் மாசுற்றது.

மாணவர்களே! இது நாம் கற்பனையாகக் கொண்ட நிகழ்ச்சியே. எனினும், இத்தகைய நிலை எந்தச் சங்கத்திற்கும் நேரக்கூடியது என்பதை நீங்கள் எளிதில் உணர்வீர்கள். இங்கே தவறிழைத்தவர் யாவர்? கணக்கு எழுதாத முதியவர் ஒரு பங்கு. அவரிடம் கணக்குக் கேளாத கூட்டத்தார் பெரும்பங்கு. நல்லவர் ஒருவரை நம்பி விதியைக் கைவிட்டனர். முடிவில் அந்நல்லவரையே இழந்தனர். விதி என்பது தீயவரைத் தடுக்கும் வேலி மட்டுமன்று. நல்லவரைப் பழியினின்றும் காக்கும் கவசமும் ஆகும். இதனை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, கல்லில் எழுதி வைத்தனர். அக்கல்வெட்டுகள் வல்லக்கோட்டைக்கு அண்மையிலேயே உள்ளன.

வல்லக்கோட்டையினின்றும் தென்மேற்கே வாலாஜாபாத் வழியாகச் சென்று, பாலாற்றைக் கடந்து, மேலும் தெற்கு நோக்கிச் சென்றால் உத்திரமேரூரை அடையலாம். பல்லவர் காலத்தில் அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பெற்ற ஊர் அது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பழம்பெயர். அங்கே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் கல்வெட்டுகள் பல பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு, முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாட்டைக் கூறுகின்றன. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தனர். வெங்கையா என்னும் கல்வெட்டறிஞர் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஊராட்சிக்குரியோரைக் குடத்தில் ஓலையிட்டுத் தேரும் முறையை இவை விளக்குதலின், அம்முறை குடவோலை முறை என வழங்கப்படுகின்றது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தில்தான் தோன்றியது என்று எண்ணற்க. சங்க நூலாகிய அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே அவ்வழக்கம் உவமையாகக் குறிக்கப்பட்டுள்ளது.

உத்திரமேரூர்ச் சபையார் முதற்கண் வகுத்தது, குடத்தில் எவர் பெயரை இடலாம் என்பதாகும். கி.பி. 921-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, அவர் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் உடையவராதல் வேண்டும். தமக்குரிய மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்தல் வேண்டும். அகவை 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருத்தல் வேண்டும். மறைநூல் கற்றுப் பிறர்க்குக் கற்பிக்க வல்லவராதல் வேண்டும். அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், கல்வியில் மேம்பட்டவராயின் அவர் பெயரையும் இடலாம். இவற்றோடு, காரியத்தில் வல்லவராகவும், நேரிய வழியில் பொருளீட்டியவராகவும், மனத் தூய்மை உடையவராகவும், முந்திய மூன்றாண்டுகளில் எவ்வாரியத்திலும் பணி செய்யாதவராகவும் இருத்தல் வேண்டும். வாரியம் என்பது இக்காலத்துச் செயற்குழுவை ஒத்தது.

இவ்விதிகளில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவை ஆளைக் கண்டபின் வகுத்த தகுதிகள் அல்ல. ஆள் இன்னார் என்று அறியுமுன்னரே வகுத்தவை. ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு தகுதியை வகுத்தால், அத்தகுதி அவருக்கென்றே தைத்த சட்டையாகிவிடும். நாம் கருதிய உயிரியல் ஆசிரியர் கழகமும் இதனைக் கைக்கொள்ளுதல் நலம். சந்தாவை நிலுவையின்றிச் செலுத்தியவராதல் வேண்டும், இத்தனை ஆண்டு உறுப்பினராய் இருந்திருத்தல் வேண்டும், இத்தனை ஆண்டு பதவி வகித்தவர் சில காலம் விலகி நிற்றல் வேண்டும் என்னும் விதிகளைத் தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு நெடுநாள் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். எழுதாத விதி, வல்லவன் வகுத்ததே விதியாய் முடியும்.

அடுத்து, எவர் பெயரை இடலாகாது என்பதையும் சபையார் தெளிவாகக் கூறினர். அவர்கள் விலக்கியோர் பட்டியலில், வாரியத்தில் பணி செய்து கணக்குக் காட்டாதவர் இடம்பெறுகின்றனர். அவரை மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மக்கள், மாமன் மக்கள், பெரியன்னை சிற்றன்னை மக்கள் முதலிய உறவினரையும் அவர்கள் விலக்கினர். ஒருவர் செய்த குற்றத்திற்கு உறவினரை விலக்குதல் முறையோ என்று நீங்கள் வினவலாம். இக்காலத்து நீதி அதனை ஒப்பாது. ஆனால், சபையார் அஞ்சியது யாது என்பதை நாம் உணர்தல் வேண்டும். கணக்குக் காட்டாத அண்ணனிடம் தம்பி கணக்குக் கேளான். மாமனார் விட்டுச்சென்ற குறையை மருமகன் மூடி மறைப்பான். பதவி ஒரு குடும்பத்தின் உடைமை ஆகிவிடலாகாது என்னும் எச்சரிக்கையே அவ்விதியின் கருத்து. பிறர்பொருளைக் கவர்ந்தவரும் பெரும்பாவங்கள் புரிந்தவரும் அவ்வாறே விலக்கப்பட்டனர்.

இனித் தேர்ந்தெடுத்த முறையைக் காண்போம். உத்திரமேரூர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்கால வார்டு போன்ற ஒரு பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, அவ்வோலைகளை ஒரு கட்டாகக் கட்டி, அக்குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை அதன்மேற் பூட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் ஆகிய சபையார் அனைவரும் கூடினர். ஊரிலிருந்த கோயில் நம்பிமார் அனைவரும் அச்சபையில் அமர்தல் வேண்டும் என்பது விதி. அவர்களுள் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது யாதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டைப் பிரித்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்குவர். அச்சிறுவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, மத்தியத்தன் எனப்படும் நடுவர் கையில் கொடுப்பான். நடுவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்றல் வேண்டும். ஏற்ற ஓலையை அவர் படிப்பார். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்றுக்கொள்ளப்படும். இங்ஙனம் 30 குடும்புகளுக்கும் ஒவ்வொருவராக முப்பதின்மர் தேரப்பட்டனர்.

நடுவர் விரல்களை விரித்து ஓலையை வாங்குதல் வேண்டும் என்று ஓர் ஊர்ச் சபை கல்லில் வெட்டி வைத்ததன் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். மூடிய கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும். நடுவர் நேர்மையுடையவர் அல்லர் என்று சபையார் கருதினர் என்பது இதன் பொருள் அன்று. நேர்மையுடைய நடுவரையும் எவரும் ஐயுறலாகாது என்பதே அவர்கள் நோக்கம். ஒருவர் படித்தால் போதாது, பலரும் படித்தல் வேண்டும் என்றதும் அது பற்றியே. கணக்கெழுதாமையால் பழி சுமந்த நம் கற்பனை முதியவரை இங்கு நினைவுகொள்ளுங்கள். அவருக்கு இப்படியொரு விதி இருந்திருப்பின், அதுவே அவரைக் காத்திருக்கும்.

குடவோலை முறையும் இக்கால வாக்கெடுப்பும் ஒன்றல்ல என்பதையும் நாம் அறிதல் வேண்டும். குடவோலையில் தகுதியுடையோர் பலருள் ஒருவரைத் திருவுளச்சீட்டே தேர்கின்றது. அங்கே வாக்குச் சேகரித்தலும் கட்சி கட்டுதலும் பயன்படா. வாக்கெடுப்பில் உறுப்பினரின் அறிவும் விருப்பமும் ஒருவரைத் தேர்கின்றன. ஆகலின், அச்சுறுத்தலும் ஆசை காட்டலும் நுழைய இடமுண்டு. இதனைத் தடுக்கவே மறைவாக வாக்களிக்கும் முறை தோன்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் 1856-இலும், இங்கிலாந்தில் 1872-இலும் அம்முறை சட்டமாயிற்று. குடவோலையில் அனைத்தும் வெளிப்படை. இக்கால முறையிலோ வாக்களித்தல் மட்டும் மறைவு. வாக்குகளை எண்ணுதல் வெளிப்படை. ஆசிரியர் கழகத் தேர்தலிலும் இவ்விரண்டையும் மயங்கலாகாது. தலைமையாசிரியர் ஒருவர் போட்டியிடும்போது, அவர்தம் பள்ளி ஆசிரியர் அவர் கண்முன்னே கைதூக்கி வாக்களிக்க நேர்ந்தால், அக்கை தானாகத் தூக்கிய கையா, அச்சத்தால் தூக்கிய கையா என்று எவர் அறிவார்? அவ்வாறே, பூட்டிய அறைக்குள் வாக்குகளை எண்ணினால் வென்றவரை எவர் நம்புவார்?

முப்பது குடும்பிற்கும் முப்பதின்மர் என்னும் ஏற்பாடு மற்றுமோர் உண்மையை உணர்த்துகின்றது. மக்கள் மிக்க பகுதி, மக்கள் குறைந்த பகுதியை விழுங்கிவிடாதபடி அது காத்தது. நம் மேனிலைப் பள்ளிகளில் உயிரியல், தாவரவியல் என்றும் விலங்கியல் என்றும் இரு பகுதிகளாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆசிரியரும் பெரும்பாலும் இருவகையினர். கழகத்தில் ஒரு வகையினர் எண்ணிக்கையில் மிக்கிருப்பின், பதவிகள் அனைத்தும் அவர்பாலே செல்லக்கூடும். அங்ஙனமே, நகரை அடுத்த பள்ளிகளைச் சேர்ந்தோர் சிற்றூர்ப் பள்ளியாசிரியரை மறந்துவிடக் கூடும். ஆதலின், செயற்குழுவில் தாவரவியலார்க்கும் விலங்கியலார்க்கும், ஊர்ப்புறத்தார்க்கும் நகர்ப்புறத்தார்க்கும் இடம் வகுத்து வைத்தல் அறிவுடைமையாகும். பலவகை உயிர்கள் வாழும் ஏரியே நலமுள்ள ஏரி என்று மாணவர்க்குக் கற்பிப்போர், தம் கழகத்திலும் அதனைக் கடைப்பிடித்தல் பொருத்தமன்றோ?

தேர்ந்தெடுத்த முப்பதின்மர்க்கும் சபையார் பணிகளைப் பகுத்தளித்தனர். பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர் ஆயினர். சம்வத்சர வாரியம் என்பது ஆண்டு வாரியம்; பொறுப்பு மிக்கது. முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தோரும், அறிவாலும் அகவையாலும் மூத்தோருமே ஆண்டு வாரியத்திற்கு உரியர். பொன்னின் தரத்தை ஆராய்வதற்குப் பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என வேறு இரண்டும் இருந்தன. சிறு பொறுப்பில் பயின்றவரே பெரும் பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்னும் இக்கருத்து எக்காலத்திற்கும் ஏற்றதாகும். அமெரிக்க நாட்டில் 1938-இல் நியூயார்க் நகரில் உயிரியல் ஆசிரியர்க்கென்றே தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. அச்சங்கத்திலும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் உடனே தலைவர் ஆவதில்லை. ஓராண்டு வருங்காலத் தலைவராக இருந்து பணியைப் பயில்கின்றார். மறு ஆண்டு தலைமை ஏற்கின்றார். அதற்கடுத்த ஆண்டு முன்னாள் தலைவராக உடனிருந்து, புதிய தலைவர்க்குத் துணை நிற்கின்றார். கடல்கடந்த நாட்டில், வேறொரு காலத்தில், வேறொரு தேவைக்காகத் தோன்றிய முறை உத்திரமேரூரார் கருத்தோடு ஒத்திருத்தல் காண்க.

வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள். அதற்குள்ளும் ஒருவர் குற்றம் புரிந்தார் எனத் தெரிந்தால் அப்பொழுதே நீக்கப்பட்டார். காலம் முடிந்ததும் பதவியும் முடிந்தது. மீண்டும் ஓலை எழுதிக் குடத்தில் இட்டனர். கணக்கர்க்கு வகுத்த விதிகள் மேலும் கடுமையானவை. நேரிய வழியில் பொருளீட்டியவரே ஊர்க்கணக்கு எழுதுதல் வேண்டும். தாம் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் ஒப்புவித்துத் தூயவர் என்று பெயர் பெறும் வரை, அவர் மறுமுறை கணக்கெழுதப் பெறார். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்டுதல் வேண்டும்; வேறொரு கணக்கர் வந்து அதனை முடித்தலாகாது. 'எனக்குத் தெரியாது, எழுதியவர் சென்றுவிட்டார்' என்று கைவிரிக்க அங்கே இடமில்லை.

இக்கல்வெட்டுகள் உணர்த்தும் இன்னொரு சிறப்பும் உண்டு. கி.பி. 919-இல் சபையார் வகுத்த முறை சுருக்கமானது. அகவை வரம்பு 30-க்கு மேல் 60-க்குள் என இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர்கள் மீண்டும் கூடினர். முறையை விரிவாக்கி, அகவை வரம்பையும் மாற்றிக் கல்லில் வெட்டினர். முன்னையதை அழித்து மறைக்கவும் இல்லை. இரண்டும் இன்றும் நம் கண்முன் உள்ளன. அரசனின் அலுவலர் உடனிருக்க, தீயோர் ஒழிந்து நல்லோர் தழைத்தற்பொருட்டுச் சபையாரே இம்முறையை வகுத்தனர். தாம் செய்த விதியில் குறை காணின், அதனைத் திருத்த நாணாமை உயர்ந்தோர் இயல்பாகும். விதியைத் திருத்துதல் வேறு. விதியை மீறுதல் வேறு. முன்னது கூட்டத்தார் அனைவரும் அறியக் கூட்டத்தில் நிகழ்வது. பின்னது அவர் அறியாமல் மூலையில் நிகழ்வது.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. உத்திரமேரூர்ச் சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடைய ஆடவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. பெண்டிர்க்கும் நிலமில்லா உழவர்க்கும் பிற குலத்தார்க்கும் அங்கே இடமில்லை. ஏரியைத் தூர் வாரிய கைகளுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லாத காலம் அது. அவ்வேலியை நம் அரசியலமைப்பு தகர்த்தது. 1951-52-இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலிலேயே, செல்வர் வறியர், ஆடவர் பெண்டிர், கற்றார் கல்லாதார் என்னும் வேறுபாடின்றி, 21 அகவை நிறைந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். 1989 முதல் அவ்வகவை 18 ஆயிற்று. ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்தது. 2016-இல் அப்பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. எனவே, முன்னோரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது, ஆள்வோரைக் கட்டுப்படுத்தும் அவர்தம் விதிநுட்பம். தள்ளத்தக்கது, ஆளப்படுவோரை வெளியே நிறுத்திய வேலி. அவர்கள் விதியையும் நம் உரிமையையும் ஒருங்கே இணைத்தலே இக்காலத்தார் கடமை.

இக்காலச் சட்டமும் சிறு கழகங்களை இந்நெறியிலேயே செலுத்துகின்றது. நம் மாநிலத்தில் கழகங்கள் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகின்றன. பதிவு பெற்ற சங்கத்தின் செயற்குழுவில் மூவர்க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுதல் வேண்டும். கணக்கு முறையாக எழுதப்படுதல் வேண்டும். எனினும், சட்டம் கூட்டத்தைக் கூட்டச் சொல்லுமேயன்றி, உறுப்பினரை வீட்டினின்றும் கைப்பிடித்து அழைத்து வராது. கணக்கைப் படித்துக் காட்டச் செய்யுமேயன்றி, அதனைக் கேட்பவர் உறங்காமல் காக்காது. பொதுக்கூட்டத்திற்குப் பதின்மரே வந்து, ஐவர் உறங்க, மூவர் கடிகாரத்தைப் பார்க்க, எஞ்சிய இருவர் கணக்கை ஏற்பார்களாயின், அங்கே விதி ஏட்டில் இருந்தும் இல்லாததே ஆகும். தலைவர் கடமை கணக்குக் காட்டுதல். உறுப்பினர் கடமை அதனைக் கேட்டல். இரண்டில் எது குறைந்தாலும் கழகம் தேயும்.

இவை யாவும் பெரியோர் செயல்கள், நமக்கும் இவற்றிற்கும் யாது தொடர்பு என்று நினையாதீர்கள். உங்கள் வகுப்பிற்கு ஆண்டுதோறும் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றார்; பள்ளியில் அறிவியல் மன்றமும் இலக்கிய மன்றமும் உள்ளன; சுற்றுலாவிற்குப் பணம் சேர்க்கின்றீர்கள். அவற்றிலெல்லாம் உத்திரமேரூராரின் வினாக்கள் எழும். தகுதியை முன்னரே வகுத்தோமா? எல்லாப் பகுதியினர்க்கும் இடமளித்தோமா? வாக்கை மறைவாக அளித்து, அனைவரும் காண எண்ணினோமா? பதவிக்கு முடிவுநாள் குறித்தோமா? கணக்கை எழுதி, உரக்கப் படித்து, எவரும் வினவ இடம் தந்தோமா? வினவிய மாணவனைப் பகைவனாக எண்ணாமல் நண்பனாகக் கொண்டோமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடையளிக்க வல்ல வகுப்பு, நாளை நல்ல ஊரையும் நல்ல நாட்டையும் ஆக்க வல்லது.

குடத்தினுள் கையிட்டு ஓலையெடுத்த சிறுவனின் பெயரைக் கல்வெட்டு கூறவில்லை. ஆனால், அவன் இன்றி அத்தேர்தல் இல்லை. எவர்பாலும் சாராத அவனுடைய சிறு கையையே அவ்வூர் முழுதும் நம்பியிருந்தது. வாக்களிக்கும் அகவையை இன்னும் எய்தாத நீங்களும், கள்ளமின்றி, ஒருபால் கோடாது, உங்கள் மன்றங்களில் பொதுப்பணி புரியப் பழகுதல் வேண்டும். அங்ஙனம் பழகியோர் தலைமை ஏற்கும் நாளில், விரித்த கையோடு கணக்கைக் காட்ட அஞ்சார். பிறர் கணக்குக் கேட்டால் சினவார். காலம் முடிந்தவுடன் இருக்கையினின்றும் மகிழ்வோடு எழுந்து, அடுத்தவர்க்கு இடம் அளிப்பர்.